ஒரே தாளில் இரண்டு தமிழ்

போன மாதம் ஒரு இளம் அதிகாரி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் பிரிவில் இருக்கிறாராம். தொழிலாளி மேல் விசாரணை நடத்தினால் அதை எப்படி எழுதிவைப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறார்களாம். "ஐயா, நீங்க அந்த வேலையில பழம் தின்னு கொட்டை போட்டவரு. ஒரு அரை மணி நேரம் வந்து பேசணும்" என்றார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. டீ போடச் சொன்னேன், குடித்தார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. பழைய கேஸு எதையும் இழுக்க வேணாம். சாதி, அது இதுன்னு பேச்சு போயிடக் கூடாது. மொழி நடை, தெளிவு, சுருக்கம், இதோட நிறுத்திக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபப்பட்டால் ரத்தக்கொதிப்பு கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடட்டும். சாதியை வெளியே உட்காரவைத்துவிட்டு மொழி நடையைப் பற்றி மட்டும் நான் எப்படிப் பேசுவது? வகுப்புக்கு வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். அங்கே பேசக்கூடாது என்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் காதர். விருத்தாசலம் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன். அத்தா துணிக்கடை வைத்திருந்தார். எனக்கு வியாபாரம் கைவரவில்லை. கடலூருக்குப் போய்த் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து முடித்தேன். அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் பிரிவில் வேலை கிடைத்தது. அத்தாவுக்கு வருத்தம்தான். "கடைய வுட்டுட்டு எவன் எவன் பேசுறதையோ எழுதப் போறியா?" என்று கேட்டார். எழுதத்தான் போனேன். எவன் பேசுவதை எப்படி எழுதுவது என்பதில் இத்தனை அயோக்கியத்தனம் இருக்கும் என்று அப்போது தெரியாது.

விசாரணை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொழிலாளி தப்பு செய்துவிட்டதாகக் கம்பெனி நினைத்தால் முதலில் சார்ஜ் ஷீட் கொடுக்கும். அவர் பதில் எழுதிக் கொடுப்பார். பதில் பிடிக்கவில்லை என்றால் விசாரணை. கம்பெனிகளுக்கு அது எப்போது பிடித்திருக்கிறது? ஒரு அறையில் நீள மேசை போட்டு, தலைமாட்டில் விசாரணை அதிகாரி உட்காருவார். ஒரு பக்கம் புகார் சொன்னவர், மறுபக்கம் தொழிலாளி. தொழிலாளிக்குத் துணையாகப் பேச அவரோடு வேலை செய்யும் இன்னொரு தொழிலாளி வரலாம். மேசைக்கோடியில் நான். கேள்வியும் பதிலும் காதில் விழுந்தபடியே சுருக்கெழுத்தில் எடுப்பேன். பிறகு தட்டச்சு செய்து படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரின் சோறு அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். பின்னால் வழக்கு கோர்ட்டுக்குப் போனாலும் நீதிபதி பார்ப்பது அதைத்தான். பேசியவரின் குரலை அவர் கேட்கப்போவதில்லை, முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

எங்கள் பர்சனல் ஆபீசர்தான் விசாரணை அதிகாரியும். தெற்கத்திக்காரர், பட்டணத்தில் படித்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. வெள்ளைச் சட்டையின் முழுக்கையை எப்போதும் மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்த பிறகுதான் விசாரணை தொடங்கும். அது சாய்ந்துவிட்டால் பேச்சை நிறுத்தி மறுபடி நிமிர்த்தி வைப்பார். தொழிலாளி அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மேலே" என்பார். எல்லோரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். வெளியே இருந்து பார்ப்பவர்கள், என்ன மரியாதையான மனுஷர் என்பார்கள். நானும் முதல் ஒன்றிரண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் வேலையைச் செய்தது பென்சிலால். நான் தட்டச்சு செய்து கொடுக்கும் முதல் பிரதியை வாங்கி அங்கங்கே திருத்துவார். சூப்பர்வைசர்கள், ஆபீஸ் ஆட்கள் சொன்னதையெல்லாம் நல்ல எழுத்துத் தமிழாக்கிவிடுவார். 'அப்பதாங்க வூட்லேர்ந்து வந்தேன்' என்று சூப்பர்வைசர் சொன்னது, 'அப்போதுதான் நான் இல்லத்திலிருந்து வந்து சேர்ந்தேன்' என்று ஆகும். தொழிலாளி சொன்னதைத் தொட மாட்டார். அதிலும் காலனிக்காரராக இருந்துவிட்டால் 'வூடு', 'வுடு', 'போவுது', 'ஆவாது' எல்லாம் அப்படியே நிற்கும். சில இடங்களில் தொழிலாளி சொல்லாத ஒரு 'ஏ', ஒரு 'யோவ்' கூட வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தொழிலாளி சொன்னதை மாற்ற நமக்கு உரிமை இல்லை மிஸ்டர் காதர்" என்றார். அப்படியானால் சூப்பர்வைசர் சொன்னதை மாற்ற உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது மாற்றம் இல்லை, செப்பனிடுவது" என்றார்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த ஊரில் எல்லோருக்கும் வூடு வூடுதான். ஊர்த்தெருக்காரருக்கும் வூடு, காலனிக்காரருக்கும் வூடு, கடைவீதியில் எங்கள் ஜமாத்துத் தலைவருக்கும் வூடு. திட்டக்குடியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை அதுதான் பேச்சு. காகிதத்தில் மட்டும் ஒருவர் படித்த மனுஷராகவும் இன்னொருவர் ரௌடியாகவும் ஆகிவிடுவார்கள். ஒரே தாளில் இரண்டு தமிழ். அதைப் படிக்கிற நீதிபதி யாரை நம்புவார்?

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரால் பாதிக்கப்பட்டால், போலீசுக்கும் போகாமல் அரிவாளும் எடுக்காமல், கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவார். என் பெயர் இது, என் ஊர் இது, இன்ன ஊர் இன்னார் எனக்கு இந்த அநியாயம் செய்தார், நீ விசாரித்துக்கொள் என்று எழுதி, சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார். மூன்று மாதத்தில் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. கட்டின பிறகு எதிராளியோடு சண்டைக்குப் போகக்கூடாது. வழக்கைச் சாமியிடம் ஒப்படைத்தாயிற்று, இனி உனக்கு அதில் வேலை இல்லை. இடையில் சமாதானம் ஆகிவிட்டால் கட்டியவரே போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கடைவீதியில் துலுக்கர் வீட்டுப் பெண்கள்கூடச் சண்டை முற்றினால், "பிராது கட்டிடுவேன் பாத்துக்க" என்பார்கள். அடுத்த நிமிஷம் சண்டை ஓய்ந்துவிடும். நான் கொளஞ்சியப்பரைக் கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும்.

எங்கள் ஆபீசருக்கும் தெரியும். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கம்பெனிக்குக் களிமண் ஏற்றும் காண்ட்ராக்டர் ஒருவர், ஊர்த்தெருவில் பெரிய குடும்பம். அவருடைய லாரியைக் கம்பெனி கேட்டில் யாரோ வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டார்கள். மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஆபீசருடைய அறைக்குள் நுழைந்தார். நான் உள்ளேதான் இருந்தேன்.

"என் வண்டிய நிறுத்துனவன் எவனா இருந்தாலும் சரி! கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிட்டுதான் மறுவேல. மூணு மாசத்துல அவன் குடும்பம் தெருவுக்கு வருதா இல்லியான்னு பாருங்க!" என்று கையை நீட்டி அறை அதிரக் கத்தினார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பி அது என்ன என்று கேட்டார். பிராது என்றால் என்ன, ஏன் மூன்று மாதம், எல்லாவற்றையும் விளக்கினேன். சாமி பெயரைச் சொல்லும்போது மணவாளநல்லூர்ப் பக்கம் கையை நீட்டுவது இங்கே பழக்கம், கும்பிடுவது போலத்தான் என்றும் சொன்னேன். ஆபீசர் புன்னகை செய்தார். "என்ன ஒரு நம்பிக்கை பாருங்கள் மிஸ்டர் காதர். கோர்ட்டே வேண்டாம் போலிருக்கிறதே" என்று சொல்லி, காண்ட்ராக்டரை உட்காரவைத்துக் காபி வாங்கி வரச் சொன்னார். கேட்டில் இருந்தவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த நாற்காலியும் அந்தக் காபி டம்ளரும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

அதற்கு அடுத்த வருஷம் வீராசாமி கேஸ் வந்தது.

வீராசாமி சூளையில் ஜாடிகளை அடுக்குபவர், வெந்த பிறகு பிரிப்பவர். காலனிக்காரர். அவர்கள் தெருவில் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்த முதல் ஆள் அவர்தான். தினக்கூலிக்கு மண் சுமந்து, அடுக்க வந்து, நிரந்தரமானவர். அந்த வேலையை நம்பித்தான் தங்கச்சிக்கு நிச்சயம் செய்திருந்தார், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். சூளைக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் சத்தமாகத்தான் பேசுவார். உள்ளே ஊதுகாற்றின் இரைச்சலில் மெதுவாகப் பேசினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வெளியே வந்தாலும் அந்தக் குரல் இறங்குவதில்லை.

ஒரு காலையில், சூளை முழுதாக ஆறுவதற்கு முன்னால், செங்கல் வைத்து அடைத்த வாசலைப் பிரிக்கச் சொன்னார் சூப்பர்வைசர் ஜெயராமன். லோடு அனுப்ப அவசரம். "இன்னும் சூடு இருக்குதுங்க, நாளைக்குப் பிரிப்போம்" என்று வீராசாமி சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. வாசலைப் பிரித்தார்கள், குளிர்காற்று உள்ளே புகுந்தது. ஊறுகாய் ஜாடிகள் வரிசையாகப் 'படக் படக்' என்று விரிசல் விட்டன. மேனேஜர் வந்து பார்த்தபோது, வீராசாமி சொல்லாமல் கொள்ளாமல் பிரித்துவிட்டான் என்று ஜெயராமன் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. மேனேஜர் போன பிறகு, அத்தனை பேருக்கு முன்னால் வீராசாமியின் சாதியையும் பெற்றவளையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

வீராசாமி திருப்பிக் கை ஓங்கவில்லை. சொன்னது இவ்வளவுதான். அங்கே நின்ற அத்தனை பேரும் இதை ஒரே மாதிரிதான் சொன்னார்கள்:

"உங்ககிட்ட நான் சண்டைக்கு வரலீங்க சார். கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டுறேன். அவரு கேட்டுக்குவாரு. மூணு மாசம் பாருங்க."

சொல்லும்போது கை மணவாளநல்லூர்ப் பக்கம் நீண்டது. கை நீண்ட திசையில் ஜெயராமன் நின்றிருந்தார்.

மறுநாள் சார்ஜ் ஷீட். ஆங்கிலத்தில் ஆபீசரே எழுதியது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி: 'மேலதிகாரியை நோக்கி விரலை நீட்டி, மூன்று மாதத்துக்குள் உன்னைத் தீர்த்துவிடுவேன் என்று உரத்த குரலில் மிரட்டினார்.' கொளஞ்சியப்பர் எங்கே? பிராது எங்கே? இரண்டும் காணாமல் போயிருந்தன. நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

"சார், போன வருஷம் காண்ட்ராக்டர் இதே வார்த்தையைச் சொன்னார். நீங்க காபி வாங்கிக் கொடுத்தீங்க."

அவர் பேனா மூடியை நிமிர்த்தி வைத்தார். "காண்ட்ராக்டர் பக்தியோடு சொன்னார்."

"இவரு?"

"இவர்கள் எந்த நோக்கத்தில் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதுகிறவர், மிஸ்டர் காதர். அர்த்தம் சொல்கிறவர் இல்லை. அதுவும் இது உங்கள் மதம்கூட இல்லை. உங்களுக்கு என்ன வந்தது?"

போன வருஷம் என் வாயால் விளக்கம் கேட்டுப் புன்னகை செய்தபோது என் மதம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இவர்கள் என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு சொல்லில்தான் தீர்ப்பு இருந்தது. அதற்கு மேல் நடந்த விசாரணை எல்லாம் கண்துடைப்பு.

ஆனாலும் விசாரணை நடந்தது. வீராசாமிக்குத் துணையாக வந்தவர் மெருகுப் பகுதியில் வேலை செய்த கலியபெருமாள். ஊர்த்தெருக்காரர், ஜெயராமனுக்குத் தூரத்து உறவு. வர வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் தடுத்தும் வந்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஜெயராமனிடம் கேட்டார்:

"ஏம்பா ஜெயராமா, வீராசாமி கொளஞ்சியப்பரு பேர சொன்னாரா இல்லியா?"

"சொன்னான்."

"சொன்னாருன்னு சொல்லு. பிராது கட்டுறதுன்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒங்க வூட்டுல கட்டியிருக்கீங்களா?"

ஆபீசர் பேனாவை உயர்த்தினார். "இந்தக் கேள்வி சம்பந்தமில்லாதது."

அதற்குள் ஜெயராமன் பதில் சொல்லிவிட்டார். "கட்டியிருக்கோம். பங்காளி மேல கட்டுனோம். அது வேற."

"என்னா வேற?"

"நாங்க கட்டுனா சாமிகிட்ட ஞாயம் கேக்குறது. இவனுங்க கட்டுனா நம்மளப் பயமுறுத்துறது."

ஜெயராமன் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து ஆபீசரைப் பார்த்தார். வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார். என் பென்சில் ஒரு சொல் விடாமல் எடுத்திருந்தது.

"சரி, மேலே" என்றார் ஆபீசர். பிறகு என்னிடம், "கேள்வி அனுமதிக்கப்படவில்லை என்று போட்டுக்கொள்ளுங்கள். பதிலை எடுத்துவிடுங்கள்" என்றார்.

நான் எடுக்கவில்லை. கேள்வியும் பதிலும், ஜெயராமன் சொன்ன 'இவனுங்க' உட்பட, அவர் வாயிலிருந்து வந்தபடியே தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். தொழிலாளி சொன்னதை மாற்ற உரிமை இல்லை என்றால் சூப்பர்வைசர் சொன்னதை மாற்றவும் உரிமை இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளை ஒழுங்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், என் சுருக்கெழுத்து நோட்டையும் வாங்கி மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் இன்னொரு பிரிவிலிருந்து ஒரு டைப்பிஸ்ட் வந்து அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஜெயராமன், 'எதிரியின் பேச்சாலும் சைகையாலும் என் உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சினேன்' என்று செந்தமிழில் பேசினார். வீராசாமி, 'மூணு மாசம் பாரு' என்று பேசினார். 'பாருங்க' என்பதில் இருந்த 'ங்க' போயே போய்விட்டது.

கையெழுத்துக்கு நீட்டினார்கள். வீராசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார். அவசரப்படாமல் படித்தார்.

"இது நான் பேசுனது இல்லீங்க."

"கையெழுத்துப் போட மறுக்கிறீர்களா?"

"நான் சாருன்னு சொல்லித்தாங்க பேசுனேன். இத்தன வருசத்துல அவர 'பாரு'ன்னு நான் சொன்னதே கெடையாதுங்க. அத மட்டும் மாத்திக் குடுங்க, போடுறேன்."

மிரட்டினார் என்று எழுதியிருந்ததைக்கூட அவர் அப்போது கேட்கவில்லை. மரியாதையில்லாமல் பேசினார் என்று எழுதியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆபீசர் ஒரே ஒரு வரி எழுதினார்: 'கையெழுத்திட மறுத்தார்.' கலியபெருமாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "இதுக்குப் பேரு விசாரணையாய்யா?" என்று கத்தினார். "சரி, மேலே" என்றார் ஆபீசர்.

அந்த வாரமே வீராசாமிக்கு வேலை போனது. என்னைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள், பீங்கான் எண்ணுவதற்கு. எனக்கு அது தண்டனையாகவே படவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பதை விட அது மேல். வீராசாமிக்குத்தான் எல்லாம் போயிற்று. தங்கச்சியின் நிச்சயம் முறிந்தது. மகளின் படிப்பும் நின்றது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று கலியபெருமாள் வக்கீலைப் பார்த்தார். காகிதத்தைப் புரட்டிய வக்கீல், "இவரு பேசியிருக்கிற பேச்சப் பாத்தா நீதிபதிக்கே பயமா இருக்கும்" என்றாராம். அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. ஆபீசர் மடித்து எடுத்துக்கொண்ட என் தாளைப் பற்றிச் சாட்சி சொல்ல நான் தயார் என்றேன். தாள் இல்லாமல் வெறும் வாய்ச்சாட்சி நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயராமன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வலது கையில் மாவுக்கட்டு. சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்துவிட்டதாம். முகம் வெளுத்திருந்தது.

"பாய், நீங்க கொஞ்சம் எங்கூட வரணும். வீராசாமியப் பாக்கணும். தனியா போவ ஒரு மாதிரியா இருக்குது."

"எதுக்கு?"

"பிராத வாபஸ் வாங்கச் சொல்லணும். கையோட போச்சு. இன்னும் ஒரு மாசம் கெடக்குது. வூட்டுல அழுவுறாங்க பாய்."

நான் அவரைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறையில், அது சாமி காரியம் சார், மிரட்டல் இல்லை என்று இந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொருள் தெரியாமல் சொல்லாமல் இருந்தவர் இல்லை. தெரிந்துதான் சொல்லாமல் இருந்தார். இப்போது தன் எலும்புக்கு வலித்ததும் பொருள் நன்றாக விளங்குகிறது. ஆனாலும் போனேன். வீராசாமியிடம் இவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன செங்கல் காளவாயில் வீராசாமி கல் அடுக்கிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஜெயராமன் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். வாங்க போங்க என்றுதான் பேசினார், கேட்பதற்கே புதிதாக இருந்தது. வீராசாமி அவர் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டவே இல்லீங்களே சார்" என்றார்.

"கட்டலியா?"

"அன்னிக்குக் கோவத்துல சொன்னேன். வூட்டுக்குப் போயி சோறு தின்னதும் ஆறிப்போச்சு. நீங்களும் புள்ளகுட்டிக்காரரு, வுட்டுடலாம்னுட்டேன். மறாநாளு வேலைக்கு வந்தா சார்ஜ் ஷீட்ட குடுக்குறாங்க."

ஜெயராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சத்தியமா?" என்று இரண்டு முறை கேட்டார். சத்தியம் செய்தார் வீராசாமி. அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு பேச்சில்லை, மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று பொய்யாகக்கூட ஒரு வார்த்தை இல்லை. மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போகிறவர் மாதிரி நிம்மதியாக நடந்து போய்விட்டார். அவர் தலை மறையும் வரை நான் வாயில் வந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் சொல்லித் தீர்த்தேன். வீராசாமி அடுக்கின கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"போன வாரம் மணவாளநல்லூருக்குப் போனேன் பாய்" என்றார். "இவரு பேர்ல கட்ட இல்ல. இவரு என்னா, நம்ம ஊரு ஆளு, நாளப்பின்ன மூஞ்சில முழிக்கணும். அந்த ஆபீசரு பேர்ல கட்டலாம்னுதான் போனேன். நான் சாருன்னு சொன்னத அவருதான அழிச்சாரு."

"கட்டுனீங்களா?"

"எங்க கட்டுறது? யாரு மேல, எந்த ஊரு ஆளுன்னு கேட்டாங்க. நாம ஆபீசரு ஆபீசருன்னே கூப்புட்டுப் பழகிட்டோம். உத்தரவுல கையெழுத்து வெறும் கோணக்கோடாத்தான் இருக்குது. ஆபீசருன்னு மட்டும் எழுதலாங்களான்னு கேட்டேன். அதெல்லாம் ஆவாது, பேரும் ஊரும் வேணும்னுட்டாங்க. திரும்பி வந்துட்டேன்."

ஆபீசருடைய லீவு லெட்டர் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்தவன் நான். பேர், அப்பா பேர், தெரு, ஊர், தாலுகா எல்லாம் எனக்கு மனப்பாடம். வீராசாமியைப் பீடியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சரியாகத் திருப்பிச் சொல்லும் வரை சொன்னேன்.